போர்டிகோவில் நிற்கும் மின்நிலையம்: மின் பகிர்மானக் கழகத்துக்கு ஒரு விண்ணப்பம்

பெறுநர்: தலைவர் மற்றும் மேலாண்மை இயக்குநர், தமிழ்நாடு மின் பகிர்மானக் கழகம், சென்னை.

பொருள்: புதுக்கோட்டை மாவட்டம் – மின்தடைக் காலத்தில் மின்சாரக் காரிலிருந்து வீட்டுக்கு மின்சாரம் எடுத்தல் – விளக்கமும் வேண்டுகோளும் – தொடர்பாக.

பார்வை: 1. கஜா புயல், நாள் 16.11.2018. 2. மாதாந்திரப் பராமரிப்புப் பணி, காலை 9 மணி முதல் மாலை 5 மணி வரை.

மின்தடை மூன்று வகைப்படும். அவை அறிவித்த தடை, அறிவிக்காத தடை, அறிவிக்க வழியே மிஞ்சாத தடை என்பன. முதல் வகை நாளிதழின் மாவட்டப் பக்கத்தில் ஊர்ப்பெயர் வரிசையோடு முன்கூட்டியே வரும். கம்பியில் உரசும் கிளையை வெட்டுவது அதன் முக்கியப் பணி. வெட்டிய கிளை மறுபடி துளிர்ப்பதால் இப்பணிக்கு முடிவு கிடையாது. இரண்டாம் வகை கோடை மழைக்கு முந்திய காற்றோடு வரும். இட்லிக்கு ஊறப்போட்ட அரிசிக்கும் இவ்வகைக்கும் உள்ள தொடர்பு இன்னும் ஆராயப்படவில்லை. இவ்விரண்டையும் மாவட்ட மக்கள் பருவநிலையைப் போல ஏற்றுக்கொண்டுவிட்டதால், இவை குறித்து இக்கடிதத்தில் புகார் ஏதும் இல்லை.

மூன்றாம் வகைக்கு எடுத்துக்காட்டு பார்வை 1-இல் கண்டுள்ளது. 2018 நவம்பர் 16 அதிகாலை நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையேறிய கஜா, புதுக்கோட்டை மாவட்டத்தின் குறுக்கே மேற்கு நோக்கிப் போனது. கீரமங்கலம், கொத்தமங்கலம், வடகாடு, ஆலங்குடி வட்டாரங்களில் தென்னையும் பலாவும் வேரோடு சாய்ந்தன. சாயும்போது மின்கம்பிகளையும் உடன் அழைத்துக்கொண்டன. புயல் தொட்ட மாவட்டங்களில் விழுந்த மின்கம்பங்கள் ஒரு லட்சத்துக்கும் மேல். வெளிமாவட்டங்களிலிருந்தும் அண்டை மாநிலங்களிலிருந்தும் வந்த மின் ஊழியர்கள் வயல் சேற்றில் கம்பங்களைத் தோளில் சுமந்து நட்டார்கள். அந்த உழைப்பைப் பற்றிப் பகடி செய்ய எதுவும் இல்லை. ஆனாலும் பல கிராமங்களுக்குக் கரண்டு திரும்ப வாரக்கணக்கில் ஆயிற்று. மேல்நிலைத் தொட்டியில் தண்ணீர் ஏற்ற ஜெனரேட்டரை வாடகைக்குப் பிடித்தார்கள். செல்போனுக்குச் சார்ஜ் ஏற்றுவது காசு கொடுத்து வாங்கும் சேவையாயிற்று.

வீட்டில் மின்சாரத்தைச் சேமித்து வைக்கும் பழக்கம் கஜாவுக்கு முன்பே வந்துவிட்டது. 2008 முதல் 2013 வரையிலான மின்பற்றாக்குறைக் காலத்தில் சென்னைக்கு வெளியே நாளொன்றுக்குப் பத்து மணி நேரத்துக்கும் மேலாகக் கரண்டு போன நாட்கள் உண்டு. தமிழ்நாட்டில் இன்வெர்ட்டரைப் பரப்பிய பெருமை எந்த விளம்பரப் படத்துக்கும் சேராது. அது அன்றைய மின்வாரியத்தையே சேரும். வீட்டு இன்வெர்ட்டரின் பேட்டரி பெரும்பாலும் 12 வோல்ட், 150 ஆம்பியர்-மணி. பெருக்கினால் 1.8 யூனிட். நான்கு விளக்கும் இரண்டு மின்விசிறியும் ஓர் இரவைத் தள்ள அது போதும். கஜாவைத் தள்ளப் போதாது.

மின்சாரக் கார் என்பது சக்கரம் வைத்த பேட்டரி. டாடா நெக்ஸான் மின்சாரக் காரின் 2023 செப்டம்பர் வடிவத்தில், பெரிய பேட்டரியின் கொள்ளளவு 40.5 யூனிட். மேற்சொன்ன இன்வெர்ட்டர் பேட்டரிகள் இருபத்திரண்டை வரிசையாக வைத்தால் எவ்வளவோ அவ்வளவு. அந்தக் காரிலேயே 'வி-டூ-எல்' என்ற வசதி வந்துவிட்டது. பேட்டரியிலுள்ள நேர்மின்சாரத்தைக் கார் தானே 230 வோல்ட் மாறுமின்சாரமாக்கிச் சார்ஜ் துளை வழியாக வெளியே தரும். தனி அடாப்டரைச் செருகி ஃபிரிட்ஜையோ மின்விசிறியையோ ஓட்டலாம். 2025 ஜனவரியில் வந்த ஹூண்டாய் கிரெட்டா மின்சாரக் காரிலும் இவ்வசதி உண்டு. அது ஸ்ரீபெரும்புதூருக்குப் பக்கத்தில், அதாவது கழகத்தின் சொந்த மின்கம்பி போகும் தூரத்தில்தான் உருவாகிறது.

கணக்கு எளியது. ஃபிரிட்ஜுக்கு நாளொன்றுக்கு ஒன்றரை யூனிட். 75 வாட் மின்விசிறி மூன்று, பத்து மணி நேரம் ஓடினால் இரண்டேகால். விளக்குக்கு அரை, டிவியும் மோடமும் செல்போனும் சேர்த்து அரை, மிக்ஸிக்குக் கால். ஆக ஐந்து யூனிட். அவசரத்துக்கு ஆஸ்பத்திரி போகக் காரில் கால் பங்கை ஒதுக்கிவிட்டு முப்பது யூனிட்டை எடுத்தால் ஆறு நாள் வரும். மின்விசிறிகள் முப்பது வாட் பி.எல்.டி.சி. வகையானால் எட்டு நாள். தீர்ந்த பின்பும் வழி உண்டு. புதுக்கோட்டையிலிருந்து திருச்சி ஏறக்குறைய 55 கிலோமீட்டர். நூறு கிலோமீட்டருக்குப் பதினைந்து யூனிட் என்று வைத்துக்கொண்டால், திருச்சியில் நிரப்பி வரும் கார் போகவர ஆகும் செலவு நீங்கலாக இருபத்துநான்கு யூனிட்டை வீட்டுக்குத் தரும். கிட்டத்தட்ட ஐந்து நாளைய மின்சாரம். கம்பமும் கம்பியும் டிரான்ஸ்ஃபார்மரும் இல்லாமல் மின்சாரம் ஊர்விட்டு ஊர் வருவது பகிர்மானம் என்ற தொழிலுக்கே சற்றுச் சங்கடமான செய்திதான். கழகம் இதைப் போட்டியாகக் கருத வேண்டியதில்லை. 1948 மார்ச் வரை தனிச் சமஸ்தானமாக இருந்து, அம்மன் காசு என்று சொந்தச் செப்புக்காசே வைத்திருந்த ஊர் புதுக்கோட்டை. சொந்தக் கரண்டையும் அந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம்.

இந்தக் கணக்கில் ஒரு பொறி இருக்கிறது. கார் விற்பவர்கள் அதைப் பெரிய எழுத்தில் போடுவதில்லை. அண்டா பெரிது, குழாய் சிறிது. நெக்ஸான் ஒரே நேரத்தில் வெளியே தரக்கூடியது 3.3 கிலோவோல்ட்-ஆம்பியர் மட்டுமே. ஒன்றரை டன் ஏசியும் தண்ணீர் ஹீட்டரும் சேர்ந்து ஓடினால் கார் கைவிரித்துவிடும். இம்மாவட்டத்துக்கு இது சிறிய குறை அல்ல. வற்றாத ஆறு ஒன்றும் இல்லாத மாவட்டத்தில், கீரமங்கலம் பக்கத்து விவசாயம் பல நூறு அடி ஆழ்துளைக் கிணற்றில் நிற்கிறது. கீழே இறங்கிய நீர்மூழ்கி மோட்டார் மும்முனை மின்சாரம் கேட்கும். ஐந்து குதிரைத்திறன் மோட்டாருக்கே ஓட்டத்தில் குறைந்தது 3.7 கிலோவாட் வேண்டும். கிளம்பும் நொடியில் இழுக்கும் மின்னோட்டம் ஓடும்போது இழுப்பதைப்போல் ஐந்தாறு மடங்கு. காரின் ஒருமுனைச் சாக்கெட்டுக்கும் அந்த மோட்டாருக்கும் சம்பந்தமே இல்லை. தரைத்தொட்டியிலிருந்து மாடித்தொட்டிக்கு ஏற்றும் அரைக் குதிரைத்திறன் மோட்டார் ஓடும். ஆகவே கஜாவில் அதிகம் இழந்த தென்னை விவசாயிக்கு இந்தக் கார் பயன்படாது. அவர் அதை வாங்கவும் போவதில்லை. மின்தடை எல்லாருக்கும் பொது, மாற்று ஏற்பாடு வசதிக்கேற்ப என்ற பழைய முறையில் கார் எந்தப் புரட்சியும் செய்துவிடாது.

ஹைபிரிட் கார் வேறு வகை. அதன் பேட்டரியில் இருப்பது ஒன்றிரண்டு யூனிட்தான். தீர்ந்ததும் பெட்ரோல் எஞ்சின் தானே கிளம்பி அதை நிரப்பும். உண்மையில் அது நல்ல சைலன்சர் வைத்த ஜெனரேட்டர். ஜப்பானில் 2001 முதல் விற்ற டொயோட்டா எஸ்டிமா ஹைபிரிட்டில் 1500 வாட் சாக்கெட் இருந்தது. 2011 மார்ச் 11 நிலநடுக்கத்துக்குப் பின் இருண்ட ஊர்களில் அந்தச் சாக்கெட் கைகொடுத்தது கண்டு, மறு ஆண்டே பிரியஸிலும் அதை வைத்தார்கள். 2012-இல் நிசான், லீஃப் காரின் 24 யூனிட் பேட்டரியிலிருந்து வீட்டு மின்பெட்டிக்கே ஆறு கிலோவாட் தரும் கருவியை விற்கத் தொடங்கியது. 2018-இல் உள்ளாட்சிகளோடு பேரிடர்க்கால ஒப்பந்தம் போட ஆரம்பித்தது. அதே 2018-இல் கீரமங்கலத்தில் மெழுகுவர்த்தி விற்பனை சிறப்பாக நடந்தது. ஹைபிரிட்டைப் பற்றி ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். மூடிய ஷெட்டில் எஞ்சின் ஓடினால் கார்பன் மோனாக்சைடு சேர்ந்து உயிரை எடுக்கும்; அதற்கு மணமும் கிடையாது, நிறமும் கிடையாது.

இனி, கழகம் நேரடியாகச் சம்பந்தப்படும் இடம். காரிலிருந்து ஒயரை இழுத்து ஃபிரிட்ஜில் செருகுவதற்கு யார் அனுமதியும் வேண்டாம். ஆனால் சன்னல் வழியாக நாலு ஒயர் இழுக்க யாருக்குத்தான் பிடிக்கும்? வீட்டு ஒயரிங் முழுவதையும் காரோடு இணைக்கத் தோன்றும். இரண்டு முனையிலும் பிளக் வைத்த ஒயர் ஒன்றைச் செய்து, ஒரு முனையை ஜெனரேட்டரிலும் மறுமுனையைச் சுவர் சாக்கெட்டிலும் செருகும் கைவேலை நம் ஊர்களுக்குப் புதிதல்ல. மெயின் சுவிட்சை அணைக்க மறந்தால் அந்த மின்சாரம் மீட்டரைத் தாண்டித் தெருக்கம்பிக்குப் போகும். தெரு டிரான்ஸ்ஃபார்மர் 11,000 வோல்ட்டை 433 வோல்ட்டாக இறக்குவது. பின்பக்கமாக ஊட்டினால் அதே விகிதத்தில் ஏற்றவும் செய்யும். சாதாரண நாளில் அக்கம்பக்கத்து வீடுகளின் சுமை தாங்காமல் அந்தச் சின்ன மூலம் உடனே ட்ரிப் ஆகிவிடும். புயலுக்கு மறுநாள் கம்பி அறுந்து கிடப்பதால் சுமையே இராது. செத்த கம்பி என்று நம்பிக் கம்பத்தில் ஏறுகிற லைன்மேன் அங்கேதான் இருப்பார். இதைத் தடுக்கும் கருவியின் பெயர் சேஞ்ச் ஓவர் சுவிட்ச். வீடு ஒன்று கழகத்தோடு சேர்ந்திருக்கும், அல்லது காரோடு சேர்ந்திருக்கும். இரண்டோடும் ஒரே நேரத்தில் சேர அது விடாது. காரின் விலைக்கு முன் அதன் விலை கண்ணுக்கே தெரியாது.

கூரையில் சூரியத் தகடு வைத்த வீடுகளின் நிலை தனிச்சுவை உடையது. பிரதமர் சூர்யகர் திட்டத்தில் மூன்று கிலோவாட் தகட்டுக்கு மத்திய அரசு 78,000 ரூபாய் மானியம் தருகிறது. நல்ல வெயிலில் அது நாளொன்றுக்குப் பன்னிரண்டு யூனிட் வரை தரும். புதுக்கோட்டையில் வெயிலுக்குப் பஞ்சம் வந்ததாக வரலாறு இல்லை. ஆனால் கம்பியோடு இணைந்த சாதாரண இன்வெர்ட்டர், தெருவில் கரண்டு போன இரண்டு விநாடிக்குள் தானும் நின்றுவிட வேண்டும் என்பது விதி. லைன்மேனைக் காக்கும் விதி அது. அதில் தவறு இல்லை. விளைவு மட்டும் வேடிக்கை. உச்சி வெயில், கூரை நிறையத் தகடு, போர்டிகோவில் காலிக் கார், வீட்டுக்குள் கையில் விசிறி. வெயிலைக் காருக்குள் வாங்க, கம்பியைத் துண்டித்துக்கொண்டு தனித்து ஓடத்தெரிந்த ஹைபிரிட் இன்வெர்ட்டர் வேண்டும். ஒழுங்குமுறை ஆணையத்தின் 2021-ஆம் ஆண்டு விதிகள் கூரை மின்சாரத்துக்கு மூன்று வகை மீட்டர்க் கணக்குகளை விரித்துச் சொல்கின்றன. அவற்றின் தலைப்பிலேயே சூரியன் இருப்பதால் கார் நிழலில் நிற்கிறது.

கட்டண அட்டவணையும் இங்கே குறிப்பிடத் தகும். இரு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். அதாவது அரசு செலவில் கார் இரண்டரை முறை நிரம்பும். மகிழ்ச்சி அத்தோடு நிற்கிறது. மொத்தம் 500 யூனிட்டைத் தாண்டினால் கீழ்ப்படிகளின் சலுகை விலையும் பறிபோகும் என்பதால், 501-ஆவது யூனிட்டே தமிழ்நாட்டில் மிக விலையுயர்ந்த யூனிட். வீட்டில் கார் சார்ஜ் செய்பவர் அந்த யூனிட்டை அடிக்கடி சந்திப்பார். மின்தடை நாளில் கழகத்தின் வேலையைத் தன் காரைக் கொண்டு தானே செய்துகொள்பவருக்கு அந்த ஒரு யூனிட்டையாவது மன்னிக்கலாமா என்பது கழகத்தின் பரிசீலனைக்குரியது.

ஆகவே கோரப்படுவன அதிகமில்லை. காரை வீட்டு ஒயரிங்கோடு இணைக்க விரும்புவோர் வைக்கும் சேஞ்ச் ஓவர் சுவிட்சைப் பிரிவு அலுவலகம் வந்து பார்த்துச் சான்று தரட்டும். அதற்குக் கட்டணம் வசூலிக்கலாம். அதில் கழகத்துக்குத் தயக்கம் இருந்ததாக யாரும் சொன்னதில்லை. அப்படிச் சான்று பெற்ற வீடுகளின் பட்டியல் பிரிவு அலுவலகச் சுவரில் ஒட்டப்பட்டால், கம்பத்தில் ஏறும் லைன்மேனுக்கு எந்தத் தெருவில் எச்சரிக்கை வேண்டும் என்று தெரியும். மற்றொன்று, மாவட்டத்தில் அரசுத் துறைகள் இனி வாங்கும் ஜீப்களில் சில, வி-டூ-எல் உள்ள மின்சார வண்டிகளாக இருக்கட்டும். 3.3 கிலோவோல்ட்-ஆம்பியர் ஏசியும் ஹீட்டரும் சேர்ந்தால்தான் குறைவு. ஆரம்ப சுகாதார நிலையத்தின் தடுப்பூசி ஃபிரிட்ஜுக்கும் பிரசவ அறை விளக்குக்கும் அது தாராளம். கார் வாங்க முடியாதவருக்கும் காரின் பேட்டரி பயன்படும் வழி இது ஒன்றுதான். அதிகாரிகளின் வண்டிகளைக் கொண்டே தொடங்கினால், புயல் நாளில் வண்டி எங்கே நிற்கிறது என்பதும் ஊருக்குத் தெரிந்துவிடும்.

வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்குகிறது. அதற்கு முன் உத்தரவு பிறப்பிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்ளப்படுகிறது. பதிலை மின்னஞ்சலில், பராமரிப்புப் பணி நடக்கும் நாளிலும் அனுப்பலாம். மோடம் காரிலிருந்து ஓடும்.

இப்படிக்கு,
வீட்டு மின் இணைப்புதாரர்கள்,
புதுக்கோட்டை மாவட்டம்.