மலையில் மண் இல்லை என்று எழுதுவது எப்படி?

அமெரிக்காவின் அப்பலாச்சிய மலைகளில், உச்சியை வெடித்துத் தள்ளி நிலக்கரி எடுக்கும் சுரங்கம் ஒன்றில் மண் ஆய்வாளர் வேலை கிடைத்திருக்கிறதா? வாழ்த்துகள். மேற்கு வர்ஜீனியாவோ கிழக்கு கென்டக்கியோ, வேலை ஒன்றுதான். வெடி வைப்பதற்கு முன் மலைமேல் எவ்வளவு மண் இருக்கிறது, அதில் எவ்வளவை வழித்தெடுத்து வைத்துப் பிறகு திரும்பப் பரப்பலாம் என்று அறிக்கை தர வேண்டும். குறைத்துச் சொல்லத் தெரிந்தவரைத்தான் அடுத்த மலைக்கும் கூப்பிடுவார்கள்.

முதலில், இப்படி நிலத்தைத் திறந்து நிலக்கரி எடுப்பதற்கான சட்டம். 1977 ஆகஸ்ட் 3 அன்று அதிபர் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்டது. மேல்மண்ணைத் தனியாக எடு, தனியாக வை, திரும்பப் போடு என்கிறது. இதோடு மூடிவைத்துவிட்டு மனம் உடைந்து போகாதீர்கள். அதன் கீழ் வந்த விதிகளையும் படியுங்கள். மேல்மண் 6 அங்குலத்துக்குக் குறைவாக இருந்தால், அதன் அடியில் இளகிக் கிடப்பதையும் சேர்த்து அள்ளி, கலவை முழுவதையும் மேல்மண் என்றே கணக்குக் காட்டலாம். இன்னும் நல்ல செய்தியும் உண்டு. உடைத்த பாறை, இருக்கிற மண்ணுக்குச் சமமாகவோ அதைவிட மேலாகவோ செடிகொடிகளைத் தாங்கும், அங்கே கிடைப்பதிலேயே அதுதான் சிறந்தது என்று காட்டிவிட்டால், மண்ணுக்குப் பதிலாகப் பாறையையே பரப்பலாம். அப்படிக் காட்டத்தான் உங்களுக்குச் சம்பளம்.

குழி தோண்டும் இடத்தைக் கவனமாகத் தேர்ந்தெடுங்கள். வடக்கும் கிழக்கும் பார்த்த சரிவுகளில் குளிர்ச்சியும் ஈரமும் அதிகம். மலை மடிப்புகளில் மேலிருந்து சரிந்து வந்த மண் காலம் காலமாகத் தேங்கிக் கறுத்துக் கிடக்கும். அந்தப் பக்கமே போகாதீர்கள். தெற்கு பார்த்த முகட்டில், ஜீப் நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில் தோண்டுங்கள். மண்வெட்டி முதல் கல்லில் 'ணங்' என்றதும் நிறுத்திவிட்டு 'பாறை' என்று எழுதுங்கள். கல்லை நகர்த்திப் பார்த்தால் கீழே மண் தொடரும். நகர்த்தச் சொல்லி யாரும் கேட்கவில்லை. ஓக் மரத்தின் வேர் அந்தக் கல்லைச் சுற்றிக்கொண்டு இன்னும் கீழே இறங்கியிருக்கலாம். ஓக் மரம் மண்ணியல் படித்ததில்லை.

அளப்பதற்கு முன் சருகைக் காலால் தள்ளிவிடுங்கள். மன்செல் நிற அட்டையோடு ஒப்பிடும்போது மண்ணை நனைக்காதீர்கள். ஈர மண் கறுப்பாகத் தெரியும், கறுப்பைப் பார்த்தால் படிப்பவருக்கு மட்கு நினைவு வரும்.

இனி வேலையின் உயிர்நாடி. காட்டு மண்ணைப் புல்வெளிக்கான அளவுகோலால் அளக்க வேண்டும். மலைக்காட்டு மண்ணின் அமிலகார நிலை 5-ஐ ஒட்டி இருக்கும், கல்லும் நிறைய. அந்த மரங்களுக்கு அது பழகின வீடு. நீங்கள் 'அமிலம் மிகுதி, கல் மிகுதி' என்று எழுதுங்கள். ஆழத்திலிருந்து வரும் சாம்பல் நிற மணற்கல்லுக்கு அளவு 8-ஐ நெருங்கும். கென்டக்கி-31 ஃபெஸ்க்யூ புல் அதில் குஷியாக வளரும். விதி செடிகொடி என்றுதான் சொல்கிறது, எந்தச் செடி என்று உங்களை யாரும் கேட்கப் போவதில்லை. மழை நன்றாகப் பெய்யும் அந்தப் பகுதியில், நட்டு முடித்து 5 ஆண்டு பச்சை நின்றால் சுரங்க நிறுவனம் கட்டிய பிணைத்தொகை திரும்பி வரும். புல்லுக்கு ஒரு பருவம் போதும். ஓக் மரத்துக்காக எந்தக் கணக்குப்பிள்ளை காத்திருப்பார்?

கென்டக்கி பல்கலைக்கழகத்தார் பென்ட் மவுன்டனில் மரக்கன்றுகளை நட்டு, மேலடுக்கின் பழுப்பு மணற்கல்லையும் ஆழத்துச் சாம்பல் மணற்கல்லையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். பழுப்பில் மரங்கள் பல மடங்கு நன்றாக வளர்ந்தன. வெயிலிலும் மழையிலும் கிடந்து பாதி மண்ணாகிவிட்ட கல் அது. இந்த ஆய்வை அறிக்கையில் சேர்க்காதீர்கள்.

தப்பித்தவறி மண் இருக்கிறது என்று ஒப்புக்கொண்டுவிட்டால், ஒரே குவியலாக உயரமாகக் கொட்டச் சொல்லுங்கள். உள்ளே காற்று போகாது. வேரோடு வாழும் பூஞ்சையும் விதைகளும் தாமே அடங்கிவிடும். அள்ளிய அன்றே வேறொரு முடிந்த பகுதியில் பரப்பினால் உயிரோடு முளைத்துத் தொலைக்கும். பரப்பிய பிறகு புல்டோசரை மேலும் கீழும் ஓட்டி, கிரிக்கெட் பிட்ச் மாதிரி இறுக்கிவிடுங்கள். பார்க்க அழகாக இருக்கும். அப்பலாச்சியக் காடு மீட்பு முயற்சி என்று 2004 முதல் ஒரு கூட்டமைப்பு, 4 அடி ஆழத்துக்கு இளகலாக, கரடுமுரடாகவே விடுங்கள் என்று சொல்லிக்கொண்டிருக்கிறது. அப்படிச் செய்தால் புல்டோசர் ஓட்டம் குறையும், டீசலும் மிச்சம். முதலாளிக்கு இது தெரியாமல் பார்த்துக்கொள்வது உங்கள் சாமர்த்தியம்.

ஊர்க்காரர்கள் வருவார்கள். வசந்தத்தில் ராம்ப்ஸ் என்னும் காட்டு வெங்காயமும், இலையுதிர்காலத்தில் ஜின்செங் கிழங்கும் தோண்டுபவர்கள். எந்த மடிப்பில் கறுப்பு மண் எவ்வளவு ஆழம் என்று கை நீட்டிக் காட்டுவார்கள். மரியாதையாகக் கேட்டுக்கொள்ளுங்கள். அவர்கள் தோண்டியவை ஆய்வுக்குழிகள் அல்ல. மேலும், உச்சியை உடைத்தால் மிஞ்சும் கல்லையும் மண்ணையும் கொட்டப்போவது அந்த மடிப்புகளில்தான். அதற்குப் பள்ளத்தாக்கு நிரப்பல் என்று பெயர். மலையிலேயே நல்ல மண் முதலில் புதைகிறதே என்று யாராவது கேட்டால், நிரப்பல் பொறியாளரின் துறை என்று கைகாட்டிவிடுங்கள்.

கடைசியாக, பில். குழிக்கு இவ்வளவு என்று ஒருபோதும் போடாதீர்கள். நாள் கணக்கில் போடுங்கள்.