தாம்ஹிணி மலைப்பாதையில் சி.பி. ரேடியோவும் ‘ம்’ கொட்டும் மரபும்: ஓர் ஆய்வு

1. ஆய்வுச் சிக்கல்

புனேவாழ் தமிழர்கள் மழைக்கால ஞாயிறுகளில் நாலைந்து கார்களில் முல்ஷி வழியாகத் தாம்ஹிணி மலைப்பாதைக்குக் கிளம்புவதுண்டு. வழியில் பல இடங்களில் செல்போன் சிக்னல் கைவிட்டுவிடும். அப்போது கைக்கு வருவது சி.பி. (சிட்டிசன்ஸ் பேண்ட்) ரேடியோ. பொத்தானை அழுத்தினால் பேசலாம், விட்டால் கேட்கலாம். பட்டதாரிகள் மலிந்த இக்குழுக்களால் இதைக் கூடக் கடைப்பிடிக்க முடியாதது ஏன்?

2. சட்டமும் சேனலும்

26.957 முதல் 27.283 மெகாஹெர்ட்ஸ் வரை, 5 வாட்டுக்கு மிகாத, ஆன்டெனா உள்ளடங்கிய கருவிக்கு இந்தியாவில் 2005 முதல் உரிமம் வேண்டாம். நிபந்தனை உண்டு: நீங்கள் யாருக்கும் இடைஞ்சல் செய்யக்கூடாது; உங்களுக்கு யாராவது செய்தால் பாதுகாப்புக் கோரவும் முடியாது. உறவினரோடு டூர் போய்ப் பழகியவர்களுக்கு இது புதிதல்ல.

அமெரிக்க அட்டவணையின் 40 சேனல்களில் முதல் 27 மட்டுமே இந்த எல்லைக்குள் அடங்கும். 28ஆம் சேனல் 27.285, இரண்டே கிலோஹெர்ட்ஸில் வாசலுக்கு வெளியே நிற்கிறது. ஆக, மச்சான் அங்கிருந்து வாங்கிவந்த செட்டில் கடைசி 13 சேனல்களும் வெறும் அலங்காரம்.

வரிசையிலும் வில்லங்கம். 22க்கு அடுத்து 24, 25. அதன் பிறகே 23. 1977இல் 23 சேனல்கள் 40 ஆனபோது, பஸ்ஸில் துண்டு போட்டு இடம் பிடித்தவரைப் போல 23 அசையவில்லை. இடுக்கில் 24உம் 25உம் ஒண்டிக்கொண்டன. 13க்கும் 14க்கும் நட்டநடுவே 27.12: பிளாஸ்டிக் தாள் ஒட்டும் இயந்திரங்களின் அலைவரிசை. தொழிற்பேட்டைப் பக்கம் அங்கே பேசினால் இரைச்சலும் உரையாடலில் கலந்துகொள்ளலாம்.

3. இரு மரபுகள்

புனேயின் சதாசிவ் பேட்டை வாசல் பலகைகளைப் படித்தவர்களுக்குப் புனேக்காரர்கள் இக்கருவிக்கென்றே பிறந்தவர்கள் என்பது விளங்கும். மதியம் 1 முதல் 4 வரை மணி அடிக்காதே, கேட்டின் முன் வண்டி நிறுத்தாதே. சொல்ல வேண்டியதைச் சொல்லியாயிற்று, மறுபேச்சு கிடையாது.

தமிழர் நிலை வேறு. எதிராளி ‘ம்’ கொட்டாவிட்டால் நமக்கு அடுத்த வாக்கியம் வராது. பொத்தானை அழுத்தியிருக்கும் வரை நம் செட்டோ எதையும் கேட்காது. போதாக்குறைக்கு, அழுத்திய கையோடு பேசினால் முதல் அசை அறுபட்டுப் போகும். ‘ம்’ என்பதில் இருப்பதே ஓர் அசைதான். களத்தில் கிடைத்த சான்று:

“சித்தப்பா, வலப்பக்கம் டீக்கடை வருது. நிறுத்தவா? ஓவர்.”

(மௌனம்)

“சித்தப்பா, கேக்குதா? ஓவர்.”

“அதான் ‘ம்’னு சொன்னேனேடா!”

அதற்குள் டீக்கடை மூன்று வளைவு பின்னால் போயிருந்தது.

4. பரிந்துரைகள்

அமெரிக்க விதிப்படி ஓர் உரையாடல் 5 நிமிடத்துக்கு மேல் போகக்கூடாது. பிறகு ஒரு நிமிடமாவது சேனலை விட்டுவைக்க வேண்டும். 9ஆம் சேனல் அவசரத்துக்கு. நமக்கும் 9 இருக்கட்டும். ஆனால் குழந்தை வாந்தி எடுப்பது அவசரம், புளியோதரை டப்பா எந்தக் காரில் இருக்கிறது என்பது அவசரமல்ல என்று புறப்படும் முன்பே எழுதிக் கையெழுத்து வாங்குவது நலம். ‘ம்’முக்குப் பதில் ‘சரி, நிறுத்து’ என்று சில அசைகளாவது செலவழிக்கவும்.

5. முடிவுரை

தமிழருக்குச் சேனல் ஒழுக்கம் வரவே வராது என்பதற்கு ஒரேயொரு விதிவிலக்கு கிடைத்தது. இரண்டாவது காரில் ரேடியோ சீட்டுக்கும் அத்தைக்கும் நடுவே மாட்டிக்கொண்டு பொத்தான் அழுந்தியபடியே கிடந்தது. அழுந்திய செட்டுக்குக் காது கேட்காது என்பதால் யாரும் எச்சரிக்க வழியில்லை. முதல் காரிலிருக்கும் சம்பந்தியைப் பற்றி அத்தை சொன்னதெல்லாம் முதல் கார் உட்பட எல்லாக் கார்களிலும் கணீரென்று கேட்டது. ஒருவரும் குறுக்கே பேசவில்லை. ஒருவரும் சேனல் மாற்றவில்லை. ஒருவரும் ‘ம்’ கூடக் கொட்டவில்லை.