பீர்ப் பட்டிமன்றமும் ஒரு விரல் சுண்ணாம்பும்

சனிக்கிழமை இரவானால் சென்னை நண்பர்களுக்குள் ஒரு பட்டிமன்றம் களைகட்டுகிறது. தலைப்பு: குடிக்கத் தகுந்தது டாஸ்மாக் பீரா, பெங்களூரு கிராஃப்ட் பீரா?

கிராஃப்ட் அணிக்காரர் பெங்களூரு இந்திராநகர் போய் வந்தவர். அங்கே கண்ணெதிரிலேயே பளபளக்கும் தொட்டிகளில் காய்ச்சுகிறார்களாம். கோதுமை பீரில் வாழைப்பழ வாசமும் கிராம்பு வாசமும் வருமாம். மாம்பழ சீசனில் மாம்பழ பீராம். "எல்லாம் லோக்கல் மச்சி" என்று கண்ணை மூடிக்கொள்கிறார். பார்லி வடக்கிலிருந்து வருகிறது, ஹாப்ஸ் பெரும்பாலும் கப்பலில் வருகிறது. தண்ணீர் லாரியும் பில்லும்தான் லோக்கல்.

டாஸ்மாக் அணிக்காரர் பாட்டாளி வர்க்கத்தின் குரல். "நீ ஒரு கிளாஸுக்குக் கொடுக்கிற காசில் இங்கே ரெண்டு பாட்டில் வாங்கிடுவேன்" என்கிறார். வாங்கலாம்தான். எந்த பாட்டில் என்பதை மட்டும் அவர் முடிவு செய்ய முடியாது. கம்பி வலைக்குள் கையை விட்டு பிராண்ட் பெயரைச் சொன்னால், "அது இல்ல, இதுதான் இருக்கு." கூலிங்? "கூலிங் இல்ல." அச்சடித்த விலைக்கு மேல் பத்து ரூபாய் எதற்கு என்று கேட்டால் பதிலே இல்லை, பின்னால் நிற்பவர்தான் "சீக்கிரம் வாங்கிட்டு நகருங்க சார்" என்கிறார். இப்படிப்பட்டவர்தான் ருசியைப் பற்றி மேடையேறி வாதாடுகிறார். ரேஷன் கடை வரிசையில் நின்றுகொண்டு பாசுமதியா, சீரகச் சம்பாவா என்று சண்டை போடுவது போல.

இந்த மன்றத்துக்கு நடுவர் அரசாங்கம். 1983இல் மொத்த வியாபாரத்துக்காகத் தொடங்கிய டாஸ்மாக், 2003 நவம்பரில் சில்லறைக் கடைகளையும் தன் கையில் எடுத்துக்கொண்டது. அன்று ஆண்டவர்கள் வேறு, பிறகு வந்தவர்கள் வேறு. கொடி மாறியது, கல்லா மாறவில்லை. 2024-25இல் மதுவால் அரசுக்கு வந்த வருமானம் 48,344 கோடி ரூபாய். எதிர்க்கட்சியாக இருக்கும்போது மதுவிலக்கு பேசாத கட்சி இல்லை. ஆளுங்கட்சியானதும் இலக்கு மட்டும் மிஞ்சுகிறது, தீபாவளி இலக்கு, பொங்கல் இலக்கு.

நடுவருக்கு ருசி தெரியாது என்று சொல்லிவிடவும் முடியாது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயம் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தது. அந்த ஈரம் காய்வதற்குள் சட்டமன்றத்தில் மூத்த அமைச்சர் துரைமுருகன் எழுந்து, உழைக்கிறவனின் அசதிக்கு டாஸ்மாக் சரக்கில் கிக் போதவில்லை, அதனால்தான் அவன் கள்ளச்சாராயம் தேடிப்போகிறான் என்ற பொருளில் விளக்கம் தந்தார். அவர் கையில் இருந்தது நீர்வளத்துறை. பிணங்களின் எண்ணிக்கை ஏறிக்கொண்டிருந்த நாட்களில் சரக்கின் தரத்தை விமர்சிக்க ஒரு மந்திரி கிடைத்தது நம் பாக்கியம்.

மேடைக்கே அழைக்கப்படாத பேச்சாளர் ஒருவர் இருக்கிறார். பனையேறி. உள்ளூர்ச் சரக்கு, கைத்தொழில், இரசாயனம் கிடையாது, அன்றன்றைக்கு இறக்கியது என்று கிராஃப்ட் அணி அடுக்கும் அத்தனை தகுதியும் அவர் கலயத்தில் இருக்கிறது. பாளையைச் சீவி, கலயத்தைக் கட்டி, காலையும் மாலையும் உயிரைப் பணயம் வைத்து ஏறி இறங்குகிறார். கலயத்தின் உள்ளே ஒரு விரல் சுண்ணாம்பைத் தடவினால் அதற்குப் பெயர் பதநீர்; கலெக்டர் ஆபீஸ் விழாவிலேயே கொடுக்கலாம். சுண்ணாம்பை விட்டுவிட்டால் அது கள். மதுவிலக்குச் சட்டம், வழக்கு, கலயம் உடைப்பு. பனை நம் மாநில மரம். அதன் பாளையிலிருந்து சொட்டித் தானே புளிப்பது 1987 முதல் மாநிலக் குற்றம்.

தென்னங்கள்ளுக்கும் இங்கே இதே தடைதான். எல்லையைத் தாண்டினால் அதே தென்னை சித்தூர்த் தோப்புகளில் கேரள அரசின் உரிமத்தோடு கள் தருகிறது. அங்கே கள்ளுக்கடையில் கப்பையும் மீன் கறியும் சேர்த்துப் பரிமாறுகிறார்கள். பொள்ளாச்சித் தென்னைக்கு மட்டும் ஒழுக்கம் கெட்டுவிடுமாம்.

கள்ளில் கலப்படம் நடக்கும் என்பார்கள். நடந்திருக்கிறது, மறுக்கவில்லை. அதற்குத் தண்டனை கலந்தவனுக்கா, மரத்துக்கா? கள்ளை மூடியதால் கலப்படம் ஒழிந்ததென்றால் 2023இல் மரக்காணத்திலும் மறுவருடம் கள்ளக்குறிச்சியிலும் செத்தவர்கள் எதைக் குடித்துச் செத்தார்கள்?

வள்ளுவர் நாளன்று கடையை மூடி அவருக்கு மரியாதை செய்கிறார்கள். அவர் கள்ளுண்ணாமை என்று ஓர் அதிகாரமே பாடினார். பீருண்ணாமை பாட மறந்துவிட்டார். அந்த ஓட்டை வழியாகத்தான் ஆயிரக்கணக்கான டாஸ்மாக் கடைகள் உள்ளே நுழைந்திருக்கின்றன போலும். கள் வேண்டாம் என்று முடிவெடுத்த பெரியார் தன் தோப்பில் ஐந்நூறுக்கும் மேற்பட்ட தென்னைகளை வெட்டிச் சாய்த்தார். கொள்கைக்கான விலையைத் தன் பையிலிருந்து கொடுத்தார். அவர் பெயரைச் சொல்லி ஆண்டவர்கள் பனையேறியின் பிழைப்பை வெட்டிவிட்டு, ஆலைச் சரக்குக்குக் கல்லாவில் உட்கார்ந்தார்கள்.

கள் அமிர்தம் என்று நான் வாதாட வரவில்லை. கள் குடித்தும் குடும்பங்கள் கெட்டிருக்கின்றன. ஆனால் தாலி அறுவது ஆலை மதுவால் என்றால் அது வருவாய், பனை மதுவால் என்றால் அது பாவம் என்ற கணக்கை எந்த வாத்தியார் சொல்லிக்கொடுத்தார்? மக்கள் உடல்நலத்துக்காகத்தான் கள்ளைத் தடுத்தோம் என்றால், அதே உடல்நலத்துக்காக டாஸ்மாக்கையும் இழுத்து மூடுங்கள். மூட மனமில்லையென்றால், ஏறி இறங்கிப் பிழைக்கிறவன் மேல் போட்ட வழக்குகளை வாபஸ் வாங்குங்கள். இரண்டும் முடியாதென்றால், போட்டிக்கு ஆள் வேண்டாம் என்பதுதான் காரணம் என்று சட்டமன்றத்தில் எழுந்து சொல்லிவிடுங்கள்.