அத்தானின் மட்டற்ற குளம்

டெக்சஸில் வெயில் 38 டிகிரியைத் தாண்டிவிட்டால் டாலஸ் பக்கம் வீட்டுக்கு வீடு கொல்லையில் நீச்சல் குளம் முளைக்கிறது. குழி தோண்டுகிற வகை அல்ல. இரும்புக் கால்களை வட்டமாக நிறுத்தி, பிளாஸ்டிக் தொட்டியை மாட்டி, குழாயைத் திறந்துவிடுகிற வகை. அப்படிக் குளம் கண்டவர்கள் அந்த ஊரில் ஏராளம். ஆனால் ரசமட்டத்தைக் கையால் தொடாமலே 15 அடிக் குளத்தை எழுப்பிய மகானுபாவர் நீங்கள்தான், அத்தான். அக்கா வீடியோவில் காட்டியதிலிருந்து உங்களைப் பாராட்டாமல் எனக்குச் சோறு இறங்கவில்லை.

15 அடி விட்டம், 48 அங்குல உயரம். நிரப்பினால் ஏறக்குறைய 16,800 லிட்டர். அதாவது பதினேழு டன்னுக்குக் கொஞ்சம் குறைவு. இந்தக் கணக்கைப் போட்டதுமே மற்றவர்களுக்கு வயிற்றைக் கலக்குகிறது. புல்லை வேரோடு செதுக்குகிறார்கள். நடுவில் முளை அடித்து, நீளக் கட்டையின் மேல் ரசமட்டத்தை வைத்துக்கொண்டு செக்குமாடு மாதிரி சுற்றுகிறார்கள். மேடான பக்கத்தை வெட்டித் தாழ்ந்த பக்கத்தோடு சேர்க்கிறார்கள். பள்ளத்தில் மண்ணைக் கொட்டி உயர்த்தினால் பாரம் ஏறியதும் அமுங்கிவிடுமாம். ஒவ்வொரு காலுக்கடியிலும் 16 அங்குலச் சதுரத்தில் ஒரு கான்கிரீட் பலகை, அதுவும் மேலே துருத்தாமல் தரையோடு தரையாகப் பதித்தாக வேண்டும். ஒரு அங்குலத்துக்கு மேல் வித்தியாசம் வந்தால் திரும்ப மண்வெட்டியைத் தூக்குகிறார்கள். வேலைவெட்டி இல்லாத ஜனங்கள். நீங்களோ ஒரு சனிக்கிழமை, அக்கா கொடுத்த காபி ஆறுவதற்குள் முடித்துவிட்டீர்கள்.

கால்களுக்கு நீங்கள் அண்டை கொடுத்திருக்கும் அழகே அழகு. எல்லாக் காலுக்கும் ஒரே மாதிரிப் பலகை என்பது கற்பனை வறண்டவர்களின் வேலை. உங்கள் குளத்தில் எந்தக் காலுக்கு எவ்வளவு தேவையோ அந்தக் காலுக்கு அவ்வளவு. ஒன்றுக்கு அரைச் செங்கல், ஒன்றுக்குக் குளியலறையில் மிஞ்சிய டைல், ஒன்றுக்கு ஒட்டுப்பலகைத் துண்டு. வேலியோரக் காலுக்கு அடியில் இருப்பது அக்கா மூன்று வாரமாகத் தேடும் சப்பாத்திப் பலகை என்று எனக்கு ஒரு சந்தேகம். ஈரத்தில் மரம் ஊறி மட்கும் என்பார்கள். மட்கட்டுமே, மட்கியதும் வேறு துண்டு வைக்கலாம், மரத்துக்கா பஞ்சம்?

மண்ணைப் பற்றி உங்களுக்கு யாரும் பாடம் எடுக்க முடியாது. கோவில்பட்டிக் கரிசலில் பிறந்தவர். மழையில் உப்பி, கோடையில் கை நுழைகிற அளவுக்கு வெடிக்கிற மண்ணில் ஓடி விளையாடியவர். டாலஸ் மண்ணும் அதே சாதி. மண்ணியலார் இரண்டையும் வெர்டிசால் என்ற ஒரே இனத்தில்தான் சேர்க்கிறார்கள். நனைந்தால் வீங்கி, காய்ந்தால் சுருங்கி வீட்டையே அசைத்துப் பார்க்கிற மண். அஸ்திவாரம் வெடிக்காமல் இருக்க வீட்டைச் சுற்றிக் கசிவுக் குழாய் போட்டு, செடிக்கு விடுவதுபோல் வீட்டுக்கே தண்ணீர் விடுகிறார்கள் அங்கே. நீங்களும் விடுகிறீர்கள். வீட்டுக்கு அந்த மண்ணை நம்பாத நீங்கள் குளத்தை மட்டும் அதனிடமே ஒப்படைத்தீர்களே, அந்தப் பெருந்தன்மை யாருக்கு வரும்? குளத்திலிருந்து தெறிக்கிற தண்ணீர் கால்மாட்டிலேயே இறங்கி மண்ணைக் களியாக்குவதையும் பெரிய மனதோடு கண்டுகொள்ளாமல் இருக்கிறீர்கள்.

தரை மட்டமாக இல்லையே என்று சாடையாக அக்கா கேட்டபோது நீங்கள் சொன்ன பதிலைத்தான் நான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்: "தண்ணி தன் மட்டத்தைத் தானே பாத்துக்கும்." சத்தியமான வார்த்தை. பார்த்தும்விட்டது. ஊஞ்சல் பக்கம் விளிம்புக்கும் தண்ணீருக்கும் ஒரு சாண் இடைவெளி. வேலிப் பக்கம் மூன்று விரல்கூட இல்லை. நூறு டாலர் கருவி காட்டுவதைவிடத் துல்லியமாகக் குளமே தன் சாய்வைக் காட்டிவிட்டது. எடையில் பெரும்பங்கைத் தரை வாங்கிக்கொள்கிறது. வெளியே பிதுங்கும் சுவரை இழுத்துப் பிடிப்பதுதான் கால்களின் பாடு. ஆழம் பத்தில் ஒரு பங்கு கூடினால் அந்தத் தள்ளு ஐந்தில் ஒரு பங்கு கூடும். ஆகவே வேலிப் பக்கக் கால்கள் ஒவ்வொரு நாளும் இன்னும் கொஞ்சம் வெளியே சாய்ந்து, வருகிறவர்களைக் குனிந்து வரவேற்கின்றன. இப்படிப் பணிவு கற்பித்த குளத்தை நான் வேறெங்கும் கண்டதில்லை.

புல்லைச் செதுக்காமல் விட்ட ஜீவகாருண்யத்தையும் சொல்லிவிட வேண்டும். அதில் கோரையும் இருக்கிறது. நம்மூர் வயலில் யாருக்கும் அடங்காத அதே கோரை. அதன் முனை குளத்துப் பிளாஸ்டிக்கைக் கீழிருந்து துளைத்துக்கொண்டு வரக்கூடியது. தண்ணீர் அதற்கும் கிடைக்கட்டும் என்று நினைத்திருப்பீர்கள்.

நேற்று அக்கா சொன்ன செய்திதான் உச்சம். சாய்ந்த காலைச் சரிசெய்யத் தண்ணீரை இறக்கிவிட்டு, பிரித்து, தரையை வெட்டி, திரும்ப நிறுத்துவது கோழைகளின் வழி என்று காரின் ஜாக்கியை எடுத்து வைத்திருக்கிறீர்களாம். பதினேழு டன்னும் உள்ளே இருக்க, குழந்தைகள் நீந்திக்கொண்டிருக்க, ஒற்றைக் காலை மட்டும் தூக்கப் போகிறீர்களாம். தூக்குங்கள் அத்தான். குழந்தைகளை மட்டும் முதலில் கரையேற்றி, அக்காவோடு வாசல் பக்கம் அனுப்பிவிடுங்கள். கோடையில் புல்லுக்குத் தண்ணீர் விட நகராட்சி கெடுபிடி வைக்கிற ஊர் அது. வேலிக்கு அந்தப் பக்கத்து வீட்டுக்காரருக்கு இந்த சீசன் முழுக்க அந்தக் கவலையே இல்லாமல் பண்ணிவிடப் போகிறீர்கள்.