சிறுமலர் யார்? – கேள்வி பதில்

● என் பேத்தி ‘சிறுமலர்’ தெரேசாவின் பெயர் வைத்த பள்ளியில் படிக்கிறாள். அந்தத் தெரேசாதானே கல்கத்தாவில் தொழுநோயாளிகளைக் கவனித்தவர்?
– வாசகர், குன்றத்தூர்

இல்லை ஐயா. அவர் அன்னை தெரேசா, பிறந்தது 1910-ல். சிறுமலர் என்று அழைக்கப்படும் லிசியூ தெரேசா 1897-லேயே காலமாகிவிட்டார். ஆனால் உறவு உண்டு. அன்னை துறவறம் பூண்டபோது எடுத்துக்கொண்டது இவர் பெயரைத்தான். இருவருக்கும் முன்னால், 16-ஆம் நூற்றாண்டு ஸ்பெயினில் அவிலா தெரேசா இருந்தார். அவர் சீர்திருத்திய கார்மேல் சபையில்தான் சிறுமலர் சேர்ந்தார். பாட்டி பெயரைப் பேத்திக்கு வைக்கும் நம் வீட்டு வழக்கம் போலத்தான், மூன்று தெரேசாக்களும் ஒரு வரிசை.

● அடம்பிடித்துக் கன்னியர் மடத்தில் சேர்ந்தாராமே?
– வாசகி, அனகாபுத்தூர்

ஆமாம். பிரான்சில் அலென்சோன் என்ற ஊரில் 1873 ஜனவரி 2-ல் பிறந்தவர். நாலரை வயதில் தாயை இழந்தார். 15 வயதில் லிசியூ நகர் மடத்தில் சேர வேண்டும் என்றார். வயது போதாது என்று பெரியவர்கள் தடுத்தார்கள். தகப்பனாரோடு ரோமுக்குப் போனார். 1887 நவம்பர் 20-ல் போப் பதின்மூன்றாம் சிங்கராயரைப் பார்க்கும் முறை வந்தது. பேசக் கூடாது என்று கண்டிப்பான உத்தரவு. இந்தப் பெண்ணோ முழந்தாளிட்டு, போப்பிடமே அனுமதி கேட்டார்! நகர மறுத்தவரைக் காவலர்கள் தூக்கிக்கொண்டுதான் வெளியேற்றினார்கள். அடுத்த ஏப்ரலில் மடத்தில் இடம் கிடைத்தது. அட்மிஷனுக்குச் சிபாரிசு தேடி அலைபவர்கள் கவனிக்கவும்.

● காலை ஜெபத்தில் என் மகன் தூங்கி விழுகிறான் என்று டைரியில் எழுதி அனுப்பியிருக்கிறார்கள்.
– ஒரு தாய், மாங்காடு

சிறுமலரும் ஜெப நேரத்தில் தூங்கியவர்தான். தாமே எழுதி வைத்திருக்கிறார். விழித்திருந்தாலும் தூங்கினாலும் பெற்றோருக்குப் பிள்ளை மேல் உள்ள பாசம் குறையாதே என்பது அவர் கண்ட ஆறுதல். மகனை இரவு 9 மணிக்கே படுக்க வையுங்கள்.

● மருத்துவமனை கட்டவில்லை, ஊர் ஊராகப் போகவில்லை. 24 வயதில் காசநோயில் இறந்தவருக்கு ஏன் இவ்வளவு பெருமை?
– ஆசிரியர், குன்றத்தூர்

சேக்கிழார் பிறந்த ஊரிலிருந்து இந்தக் கேள்வியா? அவர் பாடிய பெரியபுராணத்தில் அரசர்களும் இருக்கிறார்கள். காஞ்சிபுரத்தில் அடியார்களின் துணி வெளுத்த திருக்குறிப்புத் தொண்டரும் அவர்களோடு சமமாக இருக்கிறார். என்ன வேலை என்று பார்க்காமல், எந்த மனத்தோடு செய்தார் என்று பார்த்தவர் உங்கள் ஊர்க்காரர்.

தெரேசாவின் ‘சிறு வழி’யும் இதுதான். மடத்தில் நடக்க முடியாத வயதான கன்னியர் ஒருவர் இருந்தார். அவரை மாலையில் சாப்பாட்டு அறைக்குக் கூட்டிப்போக யாருக்கும் பொறுமை இல்லை. வேகமாக நடந்தால் அவசரப்படுகிறாய் என்பார். மெதுவாக நடந்தால் பிடிக்கவே இல்லை என்பார். தெரேசா தாமே முன்வந்து அந்த வேலையை ஏற்றார். முடங்கிய கையால் ரொட்டியை வெட்ட அவர் படும் பாட்டைக் கவனித்து, யாரும் சொல்லாமலே வெட்டிக் கொடுத்துவிட்டு, சிரித்த முகத்தோடு விடைபெறுவார். இப்படிப்பட்ட சின்னச் சின்னச் செய்திகள் நிறைந்த தன்வரலாறு அவர் இறந்த மறு வருடம் வெளிவந்தது. அதைப் படித்துத்தான் உலகம் அவரை அறிந்தது. 1925-ல் புனிதர் பட்டம் வந்தது. 1997-ல் திருச்சபையின் மறைவல்லுநர் ஆனார். அந்தச் சிறப்பைப் பெற்ற மூன்றாவது பெண். கல்லூரி வாசலை மிதிக்காதவர்!

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பள்ளியில் படித்த வருடங்களே தம் வாழ்வின் துயரமான காலம் என்று எழுதியவர் அவர். நன்றாகப் படித்ததற்காகவே மூத்த மாணவி ஒருத்தியின் பொறாமைக்கு ஆளாகி, தனியே அழுதவர். இவர் பெயரைத் தாங்கிய பள்ளியில் ஒரு குழந்தை மூலையில் அழுதால், முதலில் அங்கே ஓட வேண்டியது ஆசிரியர்தான். முதல் மதிப்பெண் பிளக்ஸ் பேனர் அப்புறம் கட்டலாம்.

● மடத்தை விட்டே வெளியேறாதவர் எப்படி மறைபரப்புப் பணிக்குப் பாதுகாவலர்?
– மாணவி, பம்மல்

நல்ல கேள்வி. 1927-ல் அந்தப் பொறுப்பைத் திருச்சபை இவருக்கும் புனித சவேரியாருக்கும் சேர்த்து அளித்தது. சவேரியார் நம் முத்துக்குளித்துறையில் ஊர் ஊராக நடந்தவர். 1545-ல் மயிலாப்பூரில் தங்கியவர். தெரேசாவோ மறைபரப்புப் பணியை நாடிய இரண்டு இளைஞர்களுக்குக் கடிதம் எழுதி, ஜெபித்துத் தாங்கியவர். அவர்களில் ஒருவர் சீனாவுக்குப் போனார், மற்றவர் ஆப்பிரிக்காவுக்குப் போனார். நடந்த காலுக்கும் எழுதிய கைக்கும் ஒரே மரியாதை.

● நாங்கள் முருக பக்தர்கள். மகன் பள்ளியின் தெரேசா விழாவில் பாடுகிறான். தப்பா?
– ஒரு தகப்பன், குன்றத்தூர்

தப்பே இல்லை. கத்தோலிக்கப் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி நடக்கும்போது மற்றவர்களுக்கு நன்னெறி வகுப்பு வைப்பது கத்தோலிக்கப் பள்ளிகளில் பழைய வழக்கம். அரசு அங்கீகாரமோ நிதியுதவியோ பெறும் பள்ளியில், பெற்றோர் சம்மதம் இல்லாமல் சிறுவரை வழிபாட்டுக்குக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று அரசமைப்பின் 28-ஆவது பிரிவும் சொல்கிறது. விருப்பத்தோடு பாடுகிறான் என்றால் பாடட்டும். விழா அக்டோபர் 1-ல். மறுநாள் காந்தி ஜெயந்தி, பள்ளி லீவு. மலைக்கோயிலுக்குக் கூட்டிப் போங்கள்.