ஒரு மைக்ரானின் விலை: செராமிக் பூச்சியல் குறித்த பேராய்வு

ஆய்வுச் சுருக்கம்

புதுக் கார் வாங்கியவர் ஷோரூம் வாசலைத் தாண்டுவதற்குள் எதிர்கொள்ளும் கேள்விகளில் மிக ஆழமானது, "செராமிக் கோட்டிங் போட்டுடலாமா சார்?" என்பதாகும். சென்னை, கோவை போன்ற நகரங்களில் இதற்குச் சிறு கார் என்றால் 12,000 ரூபாய் அளவில் தொடங்குகிறார்கள். பெரிய எஸ்யூவி என்றால் 40,000 ரூபாயைத் தாண்டியும் போகிறார்கள். ஒரே காருக்கே கடைக்குக் கடை விலை மாறுகிறது. தங்கத்துக்குக்கூடக் காலையில் ஒரு விலை அறிவித்துவிடுகிறார்கள். பூச்சுக்கு அப்படி அறிவிப்பார் யாருமில்லை. இவ்விலை எதனால் ஆனது, எதைப் பொறுத்து ஏறுகிறது, இறங்குகிறது என்று ஆராய்ந்து ஒரு சூத்திரம் காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

1. பொருள் இலக்கணம்

செராமிக் பூச்சாவது யாதெனின், சிலிக்காவையோ அதன் உறவுக்காரர்களான சிலாக்சேன், சிலசேன் வகைச் சேர்மங்களையோ கரைப்பானில் கலந்து சிறு குப்பியில் அடைத்த திரவம். காரின்மேல் தடவியதும் கரைப்பான் ஆவியாகிவிடும். எஞ்சியது காற்றிலுள்ள ஈரத்தோடு வினைபுரிந்து இறுகி மெல்லிய படலமாகும். மணலின் பெரும்பகுதியும் சிலிக்காதான். மெரினாவில் காலில் ஒட்டினால் தட்டிவிட்டு வருகிறோம்; குப்பியில் வந்தால் ஜிஎஸ்டி கட்டி வாங்குகிறோம்.

இத்துறைக்கு முன்னோடிகள் உண்டு. பிரேசில் நாட்டுப் பனை ஒன்றின் இலையிலிருந்து எடுக்கும் கார்னாபா மெழுகு நெடுங்காலம் கோலோச்சியது. சில மாதங்களில் அது தேய்ந்துபோகும். அதற்கு இணையாக நம் ஊரில் ஒரு மரபு இருந்தது. அம்பாசடர் காலத்து ஓட்டுநர்கள், பழைய பனியன் துணியில் இரண்டு சொட்டு மண்ணெண்ணெய் விட்டுத் துடைத்தார்கள். அதற்கு உத்தரவாத அட்டை கிடையாது. ஆகவே உத்தரவாதம் செல்லாது என்று யாரும் யாரிடமும் சொன்னதும் கிடையாது.

2. கணக்கதிகாரம்

ஒரு காருக்குச் செலவாகும் திரவம் 30 முதல் 50 மில்லிலிட்டர். வண்ணம் பூசிய பரப்பு 10 சதுர மீட்டர் என்று கொள்வோம். இறுகிய படலத்தின் கனம் ஒரு மைக்ரான் என்று கொள்வோம். ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் கூறு போட்டால் அதில் ஒரு கூறு. பெருக்கினால் 10 மில்லிலிட்டர் வருகிறது. அதாவது, 25,000 ரூபாய் கொடுத்தவரின் காரில் கடைசியாக ஒட்டி நிற்பது, பெரியவர்களுக்கு ஒரு வேளைக்குக் கொடுக்கும் இருமல் மருந்தின் அளவு. மில்லிலிட்டர் 2,500 ரூபாய் விழுகிறது.

அற்றேல், இந்த ஒரு மைக்ரான் எதன்மேல் நிற்கிறது எனின், தொழிற்சாலையிலேயே காரின் தகட்டின்மேல் பிரைமர், நிறம், அதன்மேல் நிறமற்ற கிளியர் கோட் என்று அடுக்கடுக்காகப் பூசி அனுப்புகிறார்கள். மொத்தம் 100 முதல் 150 மைக்ரான் வரை இருக்கும். கிளியர் கோட் மட்டும் 40, 50 மைக்ரான். வெயிலிலிருந்து நிறத்தைக் காப்பதற்கென்றே அது அங்கே இருக்கிறது. அதற்கான காசு காரின் விலையிலேயே அடக்கம். ஆதலால் செராமிக் பூச்சு என்பது காவலுக்குக் காவல்.

இதில் ஆய்வாளரை வியப்பில் ஆழ்த்தும் செய்தி இனித்தான் வருகிறது. பூச்சு பிடிக்க வேண்டுமானால் பரப்பு மாசற்று இருக்க வேண்டும். எனவே முதலில் காரைக் கழுவுவார்கள். இரும்புத் துகளைக் கரைக்கும் திரவத்தை அடிப்பார்கள். களிமண் போன்ற கிளே பாரால் தேய்த்து, ஒட்டியதையெல்லாம் பிடுங்குவார்கள். பிறகு பாலிஷ் மெஷினில் காம்பவுண்ட் வைத்து மேல் கீறல்களை அரைத்து எடுப்பார்கள். அவ்வாறு அரைக்கும்போது கிளியர் கோட்டிலிருந்தே ஒன்று முதல் சில மைக்ரான்வரை போய்விடும். ஒரு மைக்ரானைச் சேர்ப்பதற்காக ஒன்றோ இரண்டோ மைக்ரானை இழப்பது, வட்டிக்கு வாங்கி உண்டியலில் போடும் பொருளாதாரத்தைச் சேர்ந்தது.

வேலை முடிந்த காரைப் பார்த்தவுடன் உரிமையாளர் வாய்பிளந்து நிற்கும் அந்தப் பளபளப்பு, பெரும்பாலும் இந்த அரைப்பில் பிறந்தது. நாளெல்லாம் குனிந்து மெஷின் பிடித்த இளைஞரின் தோள்வலி அது. பெயர் மட்டும் குப்பிக்குப் போகிறது.

3. 9எச் சித்தாந்தம்

இத்துறையின் மந்திரம் 9எச். "9எச் சார், கல்லு பட்டாலும் கீறல் விழாது" என்பது அதற்குக் கடைக்காரர் எழுதும் உரை. கேட்பவர், வைரத்துக்கு 10, இதற்கு 9, ஒரு படிதான் குறைவு என்று மனத்துக்குள் கணக்குப் போட்டு மகிழ்கிறார்.

இஃது இரண்டு அளவுகோல்களை ஒன்றென மயங்கியதால் வந்த மகிழ்ச்சி. வைரத்துக்கு 10 கொடுத்தது ஜெர்மானியரான ஃபிரெடரிக் மோஸ் 1812இல் வகுத்த கனிமக் கடினத்தன்மை வரிசை. 9எச் என்பதோ படம் வரையும் பென்சிலின் வரிசை. கிராஃபைட்டோடு களிமண் கூடக்கூடப் பென்சில் கடினமாகும். வழக்கமாக அவ்வரிசையில் 9எச் கடைக்கோடி. பூச்சின்மேல் பென்சிலை 45 பாகைச் சாய்வில் வைத்துத் தள்ளி, கீறல் விழுகிறதா என்று பார்ப்பதுதான் சோதனை. எனவே இச்சான்றின் பொருள், உங்கள் காரைப் பென்சிலால் கீற முடியாது என்பது மட்டுமே. மோஸ் வரிசையில் மணலிலுள்ள குவார்ட்சுக்கு 7. தெருப் புழுதியில் அது தாராளமாக இருக்கிறது. ஓவிய ஆசிரியர்கள் மட்டும் நடமாடும் தெருவில் காரை நிறுத்துவோர்க்கு 9எச் பூரணப் பாதுகாப்பு அளிக்கும்.

மார்க்கர் பேனாவால் பானெட்டில் கிறுக்கி, துடைத்துக் காட்டுவது இன்னொரு செயல்முறை விளக்கம். தமிழ்நாட்டுத் தெருக்களில் கார்மேல் எழுதும் பிள்ளைகள் மார்க்கர் வாங்கும் வசதி படைத்தவர்கள் அல்லர். அவர்கள் கல்லையும், புழுதி படிந்த கண்ணாடி என்றால் விரலையும் பயன்படுத்துகிறார்கள்.

4. பகை வகை

காருக்குரிய பகை மூவகைப்படும்: புறப்பகை, உட்பகை, ஊழ்.

புறப்பகையாவன வெயில், காக்கை, மரப்பிசின், மெட்ரோ வேலையின் தூசு. இவற்றில் பூச்சுக்கு உண்மையிலேயே பயன் உண்டு. ஆய்வு நேர்மை கருதி இதை மறைக்கலாகாது. பறவை எச்சம் கிளியர் கோட்டை அரிக்கச் சற்று நேரம் கூடுதலாகிறது. தூசு சுலபமாகக் கழுவுபடுகிறது. ஆனால் எச்சத்தை வாரக்கணக்கில் விட்டுவைத்தால் எந்தப் பூச்சும் காப்பாற்றாது.

உட்பகை கொடிது. அடுக்ககத்தில் காலையில் ஒரு வாளித் தண்ணீரும் ஒரே துணியுமாகப் பத்துக் கார்களைத் துடைத்துச் செல்லும் அண்ணன் முதல்வர். முதல் காரின் மணல் ஐந்தாவது காரில் கோடாகிறது; வெயிலில் பார்த்தால் சிலந்தி வலைபோல் தெரிபவை இவை. அடுத்தவர், பள்ளிப் பையின் ஜிப்பைக் கதவில் உரசிக்கொண்டே இறங்கும் பிள்ளை. மூன்றாமவர் அம்மா. ஆயுத பூஜையன்று, முப்பதாயிரம் செலவழித்த பானெட்டில் சந்தனத்தைக் குழைத்து மூன்று பட்டை இழுத்து நடுவில் குங்குமமும் வைப்பார். "அம்மா, கோட்டிங் போட்டிருக்கு" என்றால், "போட்டிருக்கட்டும்டா, சாமிக்குத் தெரியாதா?" என்பார். பூச்சைப் போட்ட நிறுவனத்தின் உத்தரவாத அட்டையில் சந்தனம் பற்றிய ஷரத்து எதுவும் இல்லாதது ஓர் ஆய்வு இடைவெளி.

ஊழாவது மழை. 2024 அக்டோபரில் கனமழை எச்சரிக்கை வந்தவுடன், 2023 டிசம்பரின் மிக்ஜாம் புயலை மறக்காத மக்கள் வேளச்சேரி மேம்பாலத்தின்மேல் கார்களை வரிசையாகக் கொண்டுபோய் நிறுத்தினார்கள். வெள்ளம் எஞ்சினுக்குள் போகும்போது கூரைமேல் தண்ணீர் முத்து முத்தாக உருள்கிறதா என்று யாரும் பார்ப்பதில்லை. வாகனப் பாதுகாப்பில் சென்னை கண்ட ஆகச்சிறந்த கண்டுபிடிப்பு மேம்பாலம்தான் என்பது இவ்வாய்வின் இடைக்கால முடிவு.

5. நீர்த்துளி ஆராய்ச்சி

பூச்சு போட்ட காரில் தண்ணீர் தெளித்து, துளிகள் உருண்டோடுவதைக் காட்டி, "தாமரை இலை மாதிரி சார்" என்பார்கள். உவமை அழகு, அளவு வேறு. தாமரை இலையின் நுண்ணிய மேடுபள்ளமும் அதன்மேல் படிந்த மெழுகும் சேர்ந்தே நீரை ஒட்டவிடாமல் செய்கின்றன என்பதை வில்ஹெல்ம் பார்ட்லாட்டும் கிறிஸ்டோஃப் நைன்ஹுய்ஸும் 1997இல் விரிவாக எழுதினார்கள். துளி பரப்பைத் தொடும் கோணம் தாமரையில் 150 பாகைக்கு மேல். செராமிக் பூச்சில் பொதுவாக 100, 110 பாகை. தாமரைக் குளத்துக்கு ஆண்டுப் பராமரிப்புக் கட்டணமும் கிடையாது.

அன்றியும், உருண்ட துளி எல்லாம் ஓடிவிடுவதில்லை. நின்ற துளி வெயிலில் வற்றும்போது, அதில் கரைந்திருந்த உப்பு வட்டமாகத் தங்கிவிடும். நம்முடைய போர்வெல் தண்ணீரின் கடினத்தைக் குளியலறைக் குழாயே அறிவிக்கும். அந்த வெள்ளை வட்டம் அழுத்தமாகப் பிடித்துவிட்டால், எடுக்க மறுபடியும் பாலிஷ் போட வேண்டும். பாலிஷ் போட்டால் பூச்சு போகும். எந்தக் காட்சியைப் பார்த்து வாங்கினாரோ அந்தக் காட்சியே பூச்சுக்குக் காலனாவது இத்துறையின் அவலச்சுவை.

6. தடையும் விடையும்

*தடை:* "ஐந்து வருஷத்துக்குக் கணக்குப் போட்டா ஒரு நாளைக்கு ஒரு டீ காசுதான் சார்" என்பராலோ எனின்,

*விடை:* 25,000 ரூபாய், 18 விழுக்காடு ஜிஎஸ்டி 4,500, ஆக 29,500. ஐந்தாண்டுக்கு வகுத்தால் நாளொன்றுக்கு 16 ரூபாய். டீ காசு என்பது சரியே. ஆனால் உத்தரவாதம் செல்ல வேண்டுமானால் ஆண்டுதோறும் அதே கடைக்கு மெயின்டனன்ஸுக்கு வர வேண்டும் என்று பொடி எழுத்தில் இருக்கும். அதற்கு ஆண்டுக்கு 3,000 என்று நான்கு முறை கொடுத்தால் 41,500. நாளொன்றுக்கு 23 ரூபாய். டீயோடு பிஸ்கட்டும் சேர்ந்துவிட்டது. அந்த 29,500ஐக் கார்க் கடனோடு சேர்த்து 9 விழுக்காடு வட்டியில் ஏழாண்டுக்குப் போட்டாலோ, மாதம் சுமார் 475 ரூபாய். பூச்சு ஐந்தாம் ஆண்டில் கண்மூடும். அதற்கான தவணை மேலும் ஈராண்டு வாழும்.

*தடை:* "விற்கும்போது நல்ல விலை போகும்" என்பராலோ எனின்,

*விடை:* பழைய கார் வாங்குபவர் கிலோமீட்டரைப் பார்ப்பார், சர்வீஸ் பதிவைப் பார்ப்பார், டயரைப் பார்ப்பார், பூச்சைப் பார்த்துப் பத்தாயிரம் கூட்டிக் கொடுக்கமாட்டார். காப்பீட்டிலோ, காரின் மதிப்பு நான்காண்டு தாண்டினால் பாதியாகக் குறைக்கப்படும். பூச்சு அதில் கணக்கிலேயே வராது.

*தடை:* அங்ஙனமாயின் கல் தெறிப்புக்கு என்ன வழி எனின்,

*விடை:* அதற்கு பிபிஎஃப் என்னும் ஒளிபுகும் பிளாஸ்டிக் படலம் உண்டு. கனம் 150 முதல் 200 மைக்ரான். கார் முழுக்க ஒட்டினால் செலவு ஒரு லட்சத்தை எட்டும், தாண்டவும் செய்யும். அந்தப் படலத்தைப் பாதுகாக்க அதன்மேல் செராமிக் பூச்சு போடச் சொல்வார்கள்.

7. விலைச் சூத்திரம்

மேற்கண்டவற்றால் பெறப்படும் சூத்திரம் வருமாறு: குப்பியின் விலை, பாலிஷ் கூலி, கடையின் ஏசி, வெள்ளை விளக்கு, கண்ணாடிச் சுவர் ஆகியவற்றைக் கூட்டி, ஆசைக் குணகத்தால் பெருக்கக் கிடைப்பதே பூச்சின் விலை.

கூட்டப்படுபவை யாவும் கடைக்குக் கடை கொஞ்சம்தான் மாறும். விலையைத் தூக்கி நிறுத்துவது ஆசைக் குணகம். சாவியை வாங்கி மாலை போட்டுப் படம் எடுத்துக்கொள்ளும் நாளில் அது உச்சம். பத்து லட்சத்துக்குக் கையெழுத்துப் போட்ட கைக்கு இருபத்தைந்தாயிரம் சில்லறையாகத் தெரியும். ஷோரூம்காரர் அந்த நாளில் கேட்பதன் தருக்கம் இதுவே. பைக்காரர் ஒருவர் சிக்னலில் பம்பரை முதன்முதலாக உரசிவிட்டுச் சென்றதும் குணகம் பாதியாகும். இரண்டாம் உரசலுக்குப் பின், அதே மனிதர் "வாட்டர் வாஷ் எவ்வளவு?" என்று மட்டும் கேட்பார், அதிலும் ஐம்பது ரூபாய் குறைக்கச் சொல்வார்.

8. முடிபு

பூச்சின் விலை காரின் அளவால் மட்டும் அமைவதன்று. கார் வாங்கி எத்தனை நாளாயிற்று என்பதாலும் அமைவது. ஆகவே வாசகர்க்கு இவ்வாய்வு பரிந்துரைப்பது: டெலிவரி நாளில் அந்தப் பேச்சுக்கே இடம் கொடாதீர்கள்; மூன்று மாதம் ஓட்டுங்கள். காரைத் துடைப்பவருக்கு இரண்டு வாளியும், உங்கள் காருக்கென்றே இரண்டு மைக்ரோஃபைபர் துணியும் வாங்கிக் கொடுங்கள், நிழலில் நிறுத்துங்கள், காக்கை எச்சத்தை அன்றன்றே கழுவுங்கள். அதன் பிறகும் ஆசை நின்றால் தாராளமாகப் போடுங்கள். கழுவும் வேலை குறையும், பளபளப்பும் நிற்கும். ஆனால் பாலிஷ் எத்தனை கட்டம், ஆண்டுக் கட்டணம் எவ்வளவு, எதைச் செய்தால் உத்தரவாதம் போகும் என்ற மூன்றையும் பில்லிலேயே எழுதி வாங்குங்கள். மெஷின் பிடித்த தம்பிக்குத் தனியாக ஏதாவது கொடுங்கள். நீங்கள் பார்த்து மகிழும் பொருளைச் செய்தவர் அவர்தான்.