சோமாஸ் ஓரவியல்: பேராக் மாநிலத்துப் பூரணப் பலகாரம் குறித்த ஓர் ஆய்வு

சோமாஸ் என்பது மைதா மாவுத் தோலுக்குள் இனிப்புப் பூரணத்தை வைத்து, அரைவட்டமாக மடித்து, ஓரத்தை மூடி எண்ணெயில் பொரித்தெடுக்கும் தீபாவளிப் பலகாரம். ஈப்போவில் புந்தோங், லகாட் சாலை வட்டாரங்களிலும், சுங்கை சிப்புட் தொடங்கி பாகான் டத்தோ வரை பரந்து கிடக்கும் பழைய தோட்டப்புறங்களிலும் இது செய்யப்படுகிறது. முறுக்கு, அதிரசம், ஓமப்பொடி, நெய் உருண்டை ஆகியவை தம்மை முழுவதுமாகக் காட்டிக்கொண்டு தட்டில் அமர்ந்திருக்கின்றன. சோமாஸ் அப்படியல்ல. வீட்டுக்காரர் முந்திரி போட்டாரா, முந்திரி போட்டதாகச் சொல்லிக்கொள்கிறாரா என்பது கடித்த பிறகே தெரியவரும். ஆகவே உண்பவர் முதலில் ஆராய்வது கண்ணுக்குத் தெரிகிற ஒரே பகுதியாகிய ஓரத்தைத்தான். பூரணம் பற்றி வீட்டுக்கு வீடு பேச்சு உண்டு. ஓரம் பற்றி முறையான ஆய்வு இல்லை. அக்குறையை ஓரளவு நிவர்த்தி செய்வதே இங்கு நோக்கம்.

பூரணத்தின் உட்பொருள்கள் பற்றிப் பெரிய கருத்து வேறுபாடு கிடையாது: பொட்டுக்கடலை மாவு, வறுத்த ரவை, தேங்காய்த் துருவல், சீனி, ஏலக்காய், கசகசா, வசதிக்கேற்ப முந்திரி. இதில் தேங்காய்தான் வம்புக்காரன். தென்னந்தோப்புகளுக்குப் பேர்போன பாகான் டத்தோ பக்கத்தில் தேங்காய்க்குப் பஞ்சமில்லை. பஞ்சமில்லாத பொருளை அள்ளிப் போடுவது மனித இயல்பு. ஆனால் ஈரம் போகாத தேங்காய் உள்ளே இருந்தால், சூடான எண்ணெயில் அந்த ஈரம் ஆவியாகி வெளியேற வழி தேடும்; கிடைக்கும் ஒரே வழி ஓரம். ஓரம் பிளந்ததும் சீனி எண்ணெயில் கொட்டிக் கருகும். கருகிய துகள் அடுத்தடுத்து விழும் சோமாஸ்களில் கரும்புள்ளியாக ஒட்டிக்கொள்ளும். ஒன்று பிளந்தால் ஒரு சட்டியே பாழ். இதனால்தான் துருவலைச் சலசலவென்று ஆகும்வரை சிறுதீயில் வறுக்கிறார்கள். மிச்சம் மீதி ஈரத்தைக் குடித்துக்கொள்வது பொட்டுக்கடலை மாவின் பொறுப்பு. அது சுவைக்காகச் சேர்க்கப்படுகிறது என்று எண்ணுவோர் அதன் காவல் பணியை அறியாதவர்கள்.

கசகசாவுக்குத் தனிக் குறிப்பு தேவை. சிங்கப்பூரில் இது தடை செய்யப்பட்ட பொருள்; பேராக்கில் மளிகைக் கடையில் மற்ற மசாலைப் பொட்டலங்களோடு தொங்குகிறது. ஆகவே ஜொகூர் பாலத்தைத் தாண்டித் தெற்கே சிங்கப்பூருக்குப் போகும் சோமாஸுக்குள் என்ன இருக்கிறது என்ற கேள்விக்கு, சமையலையும் மீறிய ஒரு கனம் சேர்ந்துவிடுகிறது.

இனி ஓரம். பேராக்கில் மூன்று மரபுகள் நிலவுகின்றன. முதலாவது கைமடிப்பு மரபு. இடது உள்ளங்கையில் அரைவட்டத்தைக் கிடத்தி, வலது கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்து ஓரத்தைக் கிள்ளி, மடித்து, அழுத்தி, மடித்த நுனியிலிருந்தே அடுத்த கிள்ளலைத் தொடங்கும். கடைசி மடிப்பு வாலைப் போல நீண்டுவிடாமல் அடியில் செருகப்பட வேண்டும். இவ்வளவும் நடக்கும்போது செய்பவரின் கண் பெரும்பாலும் தொலைக்காட்சியில் இருக்கும். மலாய்க்காரர்கள் கரிப்பாப் செய்யும்போதும் இதே கயிற்றுப் பின்னல்தான் போடுகிறார்கள். தோட்டத்து லயத்திலும் மலாய்க் கம்பத்திலும் ஒரே பின்னல் விழுகிறது; யார் யாரிடம் கற்றார்கள் என்பதை இரு தரப்பும் விசாரித்ததில்லை. விசாரிக்காமல் இருப்பதே நல்லது.

இரண்டாவது கரண்டி மரபு. ஒரு முனையில் பல்சக்கரம் உள்ள பித்தளைச் சோமாஸ் கரண்டியை ஓரத்தில் உருட்டினால் அலையலையாக வெட்டுப்படும். வேகம் அதிகம், அழகும் உண்டு. ஆனால் சக்கரம் வெட்டுமே தவிர அழுத்தாது. அழுத்தத்தை விரலால் முன்கூட்டியே கொடுத்துவிட வேண்டும் என்பதை மறப்பவர்களின் சட்டி மேலே சொன்ன கதிக்கு ஆளாகிறது. மூன்றாவது அச்சு மரபு: கீல் வைத்த பிளாஸ்டிக் அச்சில் தோலை விரித்து, பூரணத்தை வைத்து, பட்டென்று மூடுவது. எல்லாச் சோமாஸும் ஒரே அளவில், ஒரே முகத்துடன் வெளிவரும். கைமடிப்பு மரபினர் இதைப் பலகாரமாகவே ஏற்பதில்லை. "அச்சுல போட்டா யாரு வேணாலும் போடலாமே, அதுக்கு ஏன்தா இவங்க செய்யணும்?" என்பது அத்தரப்பின் மூலவாதம். எதிர்த்தரப்பு பதில் சொல்வதில்லை. அதற்குள் இரண்டு டின் முடித்துவிடுகிறது.

மூன்று மரபுக்கும் பொதுவான ஆபத்து ஒன்று உண்டு. பிசைந்த மாவு ஓய்வெடுக்காவிட்டால் தேய்த்த தோல் சுருங்கும்; சுருங்கும் தோல் ஓரத்தை இழுக்கும். சூடான நெய்யை மாவில் ஊற்றிப் பிசைவது தோலை நொறுநொறுப்பாக்குகிறது, ஆனால் நெய் கூடினால் ஓரம் ஒட்டாது. மொறுமொறுப்பும் ஒட்டுதலும் ஒன்றுக்கொன்று பகை. இந்தப் பகையைத் தீர்த்துவைக்கும் நெய்யளவு எந்தக் குறிப்பேட்டிலும் எழுதப்படாமல் "பாத்து ஊத்து" என்ற அளவீட்டிலேயே கைமாறி வருகிறது.

சோமாஸ் ஏன் சுடப்படாமல் பொரிக்கப்படுகிறது என்ற கேள்விக்கு விடை அடுப்பில் இருக்கிறது. லயத்து வீட்டில் விறகடுப்பு இருந்தது, வெதுப்பி (oven) இல்லை. மலாய் வீடுகளில் பஹுலு என்ற சிறு கேக்குக்கு அச்சின் மேலும் கீழும் தணல் வைத்துச் சுடும் முறை உண்டு. ஈப்போவின் குனோங் ராப்பாட்டிலும் கோப்பெங்கிலும் சீனர்கள் ஹியோங் பியாவை அடுப்பின் உட்சுவரில் ஒட்டிச் சுடுகிறார்கள். மால்ட் பாகும் சின்ன வெங்காயமும் உள்ளே வைத்து மூடிய அதுவும் பூரணப் பண்டமே. ஆக பேராக்கில் மூன்று இனத்தவரும் மாவுக்குள் எதையாவது ஒளித்துவைத்திருக்கிறார்கள்: தமிழர் சோமாஸில், மலாய்க்காரர் கரிப்பாப்பில், சீனர் ஹியோங் பியாவில். மின்சார வெதுப்பி வந்த பிறகு தமிழ் வீடுகளிலும் அன்னாசி டார்ட் தீபாவளித் தட்டில் இடம் பிடித்தது. அதில் பூரணம் திறந்த நிலையில் பூப்போலக் காட்டப்படுவதும் உண்டு, உருளைக்குள் மூடப்படுவதும் உண்டு. திறந்த டார்ட் ஒளிவுமறைவற்ற பண்டம் என்பதால் ஓரவியலுக்கு அதனால் பயனில்லை.

உலக அளவில் ஒப்பிடத்தக்க நெருங்கிய உறவு யூதர்களின் பூரிம் பண்டிகையில் இருக்கிறது. பாரசீகப் பேரரசில் யூதர்களை அழிக்கத் திட்டமிட்ட ஆமான் வீழ்ந்ததைக் கொண்டாடும் நாள் அது. தமிழ் விவிலியம் வாசிப்போர் எஸ்தர் புத்தகத்தில் அவனை அறிவார்கள். அப்பேரரசு இந்தியா முதல் எத்தியோப்பியா வரை 127 மாநிலங்களைக் கொண்டது என்று அந்நூல் தொடங்குகிறது. கிழக்கு ஐரோப்பிய யூதர்கள் அந்நாளில் ஹாமன்டாஷ் என்ற முக்கோண பிஸ்கட்டைச் சுடுகிறார்கள். வட்டத் தோலின் மூன்று பக்கத்தை மடித்து நடுவைத் திறந்து விடுவது அதன் இலக்கணம்; மரபான பூரணம், வியப்பாக, கசகசா. ஈராக்கிய யூதர்களோ கொண்டைக்கடலைப் பூரணம் வைத்த அரைவட்டச் சம்புசக்கைப் பூரிமுக்குச் செய்கிறார்கள். அது தோற்றத்தில் சோமாஸ் அல்ல என்று நிரூபிக்க வேண்டிய கடமை மறுப்போரையே சேரும். பேராக்குக்கு வடக்கே, பினாங்கில், 1805இல் தொடங்கிய யூத இடுகாடு இன்றும் இருக்கிறது. நாகூர் சாலையில் 1929இல் தொடங்கிய அவர்களது தொழுகைக்கூடம் 1976இல் மூடப்பட்டது. நாகூர் என்ற பெயருள்ள தெருவில் பூரிமும், எட்டும் தூரத்தில் தீபாவளியும் கொண்டாடப்பட்ட அந்த ஆண்டுகளில் இரு அரைவட்டங்களும் ஒரே தட்டில் சந்தித்தனவா என்பது ஓரவியலாளர்களின் ஏக்கம்.

ஒரு வேறுபாட்டையும் குறிப்பிட வேண்டும். யூதர்கள் எதிரி ஆமானின் பெயரைப் பலகாரத்துக்கு வைத்துக் கடித்துத் தீர்க்கிறார்கள். நரகாசுரன் பெயரிலோ ஒரு முறுக்குகூட இல்லை. தமிழ்ப் பலகாரவியலில் இது பெருங்குறை.

பூரிமில் உண்ணத் தயாரான பண்டம் குறைந்தது இரண்டு வகை, குறைந்தது ஒருவருக்கு அனுப்பப்பட வேண்டும் என்பது விதி. பேராக் விதி எழுதப்படாதது, ஆனால் கடுமையானது. தட்டில் நாலைந்து வகை இருக்கும், மேலே துணியோ தாளோ மூடியிருக்கும், கொண்டுபோவது வீட்டின் இளைய பிள்ளை. அண்டைவீட்டுச் சீனரோ மலாய்க்காரரோ தட்டை வெறுமனே திருப்பித் தர மாட்டார்கள். தமிழ் வீடானால் "வெறுந்தட்ட குடுக்காத, சீனியாச்சும் போடு" என்ற குரல் அடுப்படியிலிருந்து வரும். இத்தட்டுகளில் மற்றவை வளைந்தாலும் உடைந்தாலும் மன்னிக்கப்படுகின்றன. ஓரம் பிரிந்த சோமாஸ் மட்டும் தட்டேறுவதில்லை. அது வீட்டுப் பிள்ளைகளுக்கு உரியது. பிள்ளைகள் அடுப்படியைச் சுற்றிவரும் நோக்கமும், சில ஓரங்கள் காரணமின்றிப் பிரியும் விந்தையும் ஒன்றோடொன்று தொடர்புடையவை என்று கருத இடமுண்டு.

தோட்டக் காலத்தில் சோமாஸின் பொருளாதாரம் வானத்தைச் சார்ந்திருந்தது. 1877இல் பேராக்கின் பிரிட்டிஷ் ரெசிடென்ட் ஹியூ லோ கோலகங்சாரில் ரப்பர் கன்றுகளை நட்டபோது தீபாவளியைக் கணக்கில் எடுத்திருக்க வாய்ப்பில்லை. தீபாவளி வரும் அக்டோபர், நவம்பர் மாதங்கள் பேராக்கின் மழைக்காலம். மரம் நனைந்தால் பால் வெட்டு இல்லை. பெண்களுக்குப் பலகாரம் செய்ய நேரம் கிடைக்கும். வெட்டு இல்லையென்றால் நாள் சம்பளமும் இல்லை. சீனியும் மைதாவும் தோட்டத்துக் கடையில் பற்றில் ஏறும். செய்து முடித்த சோமாஸை அதே மழையின் ஈரக்காற்று நமுத்துப்போகச் செய்யும். நேரத்தைக் கொடுத்து, காசைப் பிடுங்கி, பண்டத்தையும் கெடுக்கும் இந்த மழையை வெல்ல அக்காலத்தில் இருந்த ஒரே ஆயுதம் மூடி இறுகிய பிஸ்கட் டின்.

பொரித்ததும் எண்ணெய் வடிய நாளிதழில் பரப்புவது பொது வழக்கம். 1924இல் தொடங்கிய 'தமிழ் நேசன்' 2019இல் நிற்கும்வரை இப்பணியையும் சேர்த்தே ஆற்றியது. சூடு தணியாத சோமாஸின் அடியில் தலைப்புச் செய்தி தலைகீழாகப் பதிந்ததுண்டு. இன்று சமையல் தாள் வந்துவிட்டது; சோமாஸுக்கு நாட்டு நடப்பு தெரியாமல் போய்விட்டது.

முழுவதும் ஆறிய பின்னரே மூட வேண்டும். இளஞ்சூட்டில் மூடினால் உள்ளேயே வேர்த்து நமுக்கும். லகாட் சாலைக் கடைகளில் விற்பனைக்கு நிற்பவை சிவப்பு மூடி போட்ட பிளாஸ்டிக் போத்தல்களில், மூடியைச் சுற்றி ஒளிபுகும் டேப் ஒட்டியபடி இருக்கின்றன. இந்த டேப்பும் ஓர் ஓரமே. இதைப் பிரிப்பதில் முன்னுரிமை வந்த விருந்தாளிக்கா, வீட்டு ஆண்களுக்கா என்பதில் ஒருமித்த கருத்து இல்லை. நடைமுறையில் தீபாவளிக்கு முந்திய இரவே அது பிரிந்திருக்கிறது. மிஞ்சிய பூரணத்துக்குத் தனிச் சடங்கு கிடையாது. சின்னக் கிண்ணத்தில் போட்டு, கரண்டியால் தின்று தீர்க்கப்படும்.